மண் தடவிய பதினொரு கதைகள்

2025 ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு என் போன் எனக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தது.

நான் பேசினேன், அது எழுதியது. என் ஸ்டோரில் பெண்கள் உருளைக்கிழங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தராசுப் பக்கம் சும்மா நின்ற நேரம், தொண்ணூற்றெட்டில் நானும் என் கூட்டாளி மீனம்மாவும் முதல் கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கந்தப்பளைச் சந்தைக்கு நடந்த கதையைப் போனிடம் சொன்னேன். மகன் றொக்சன் போன முறை வந்தபோது போட்டுக் கொடுத்த ஏஐ. இதுவரைக்கும் உர விலை கேட்கவும் அரசாங்கக் கச்சேரிக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதவும்தான் பாவித்தேன். இன்றைக்கு என்ன தோன்றியதோ, "இதைக் கதையாக்கு" என்றேன்.

தேத்தண்ணி ஆறவில்லை, நாலு பக்கம்! தலைப்பு வைத்து, பந்தி பிரித்து, கடைசியில் ஒரு பெருமூச்சு வைத்து.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். மரியரட்ணத்துக்கு மூக்குக்கண்ணாடி தேடவே ஒரு பூசை நேரம் வேண்டும்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீயா? நீ எழுதற சாமான் சீட்டையே கடைக்காரன் என்கிட்ட கேட்டுத்தான் வாசிக்கிறான்."

சிரிக்கட்டும். எனக்குக் கை காலெல்லாம் பரபரவென்று இருக்கிறது.

ஜூன் 4, புதன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதுவரை எட்டுப் புத்தகத்துக்கு முதல் பிரதி வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் புத்தகம் போட்டால் என்னைத்தானே தேடி வருகிறார்கள்? வெளியீட்டு விழா வைப்பார்கள். காசு புழங்குகிற ஆள் ஒருத்தரை மேடையில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். அந்த ஆள் கவரை நீட்ட வேண்டும். அச்சுக்கூலியில் பாதி அந்தக் கவரில் வந்துவிடும். எட்டு மேடை, எட்டுப் பொன்னாடை. ஒன்றைத் தராசு மூடப் பாவிக்கிறேன், நல்ல கனமான துணி.

பேசுகிறவர்கள் எல்லாம் "எழுத்தாளர், எழுத்தாளர்" என்பார்கள். என்னை "தொழிலதிபர், கொடைவள்ளல்". ஒரு தரமாவது என் பெயரை அட்டையில் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்து இரண்டு லொறி ஓட்டுகிறவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா?

புத்தகம் போடுகிறேன். முடிவு.

ஜூன் 9, திங்கள்

எட்டுக் கதை ஆகிவிட்டது. லொறியில் போகும்போது ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, பாங்கில் வரிசையில் நின்று ஒன்று. பக்கத்தில் நின்ற கிழவர் நான் யாரிடமோ சண்டை போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் ஒரு குறை. எல்லாம் ஒரே ருசி. பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சைக்கு எழுதின கட்டுரை போல வழவழ என்று.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாங்கின எட்டுப் புத்தகத்தில் நான் முழுசாகப் படித்தது ஒன்றுதான். ஹட்டனில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கும் சுதர்ஷினியின் கதைகள். அவள் எழுதினால் ஆட்கள் பேசுவது காதில் விழும். பந்தி முடிகிற இடத்தில் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போன மாதிரி நிறுத்துவாள். அலமாரியில் தேடி எடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, போனுக்குக் கொடுத்தேன். "இந்த மாதிரி எழுது."

அம்மாடி! அதே கதைதான், ஆனால் ஆள் எழுந்து நிற்கிறது. பேச்சு பேச்சாக இருக்கிறது. மூன்றாவது கதையின் கடைசி வரியைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மரியரட்ணம் ஒன்றைப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கம்மா எந்தக் காலத்துல கொழுந்து எடுத்தாங்க? அவங்க பிள்ளைக்காம்பராவுல புள்ளைங்க பாத்தவங்க."

"கதைன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். இந்த மனுசனுக்கு இலக்கியம் தெரியாது.

ஜூன் 12, வியாழன்

தோட்டத்துச் சொல் போதவில்லை என்று பட்டது. "இன்னும் போடு" என்றேன். விடிந்தால் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுகிறார்கள், மேற்பார்வைக் கண்டாக்கையா திட்டுகிறார், லயத்துக் கூரையில் மழை பெய்கிறது. தாராளமாகத் தூவிக் கொடுத்தது. இப்போது அசல் மலைநாடு!

மொத்தம் பதினொரு கதை.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்ததும் வெளியீட்டு விழாவுக்குப் பங்கு மண்டபம் பேசிவிட்டேன். ஆகஸ்ட் 10. பாதர் சும்மா இருப்பாரா, அங்கேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார், நம் பங்கிலிருந்து ஒரு எழுத்தாளர் என்று. கை தட்டினார்கள். பழைய நினைப்பில் கவரைத் தேடிக் கைப்பைக்குள் கை போய்விட்டது.

வலப்பனை சின்னத்தம்பி முதலாளி முதல் பிரதி வாங்கச் சம்மதித்துவிட்டார். "புத்தகத்துல என்னப் பத்தி கெட்டதா ஒண்ணும் இல்லையே?" என்றுதான் கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

பதினொன்றையும் சுதர்ஷினிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவள்தான் பக்கம் கட்டி, பிழை பார்த்து, அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கதைகளை அவள் கண்டால் என்ன சொல்வாளோ! அவளை மாதிரியே எழுதியிருக்கிறது என்று சந்தோசப்படுவாள்.

ஜூன் 18, புதன்

இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

ஜூன் 19, வியாழன்

ஹட்டனுக்குப் போனேன். எதற்குப் போனேனோ.

சுதர்ஷினியின் கடை பாமசி மருந்துக்கடைக்கு மேல் மாடி. போகும்போது யாருடையதோ மரண அறிவித்தல் அச்சாகிக்கொண்டிருந்தது. என் கதைகளைத் தாளில் எடுத்து மேசையில் வைத்திருந்தாள்.

"உட்காருங்கக்கா. இது யாரு எழுதினது?"

"நான் பேசினது, மெஷின் எழுதினது." ஒளிக்க என்ன இருக்கிறது?

"நல்லா இருக்கு. முதல் தரம் படிக்கிறப்போ எனக்குப் பொறாமையா இருந்துச்சு. ரெண்டாவது தரந்தான் கோவம் வந்துச்சு."

தன் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் ஒரு பந்தி, என் தாளில் ஒரு பந்தி, இரண்டிலும் விரல் வைத்துக் காட்டினாள். ஒரு சொல்லும் அதே சொல் இல்லை. ஆனால் பேச்சு திரும்புகிற இடம், மூச்சு விடுகிற இடம், அழ வேண்டிய இடத்தில் அடுப்பைப் பற்றி ஒரு வரி எழுதி நிறுத்துவது… அதெல்லாம் அவள். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஆமா, உன் புத்தகத்தத்தான் காட்டினேன்" என்றேன். "பின்ன எதக் காட்டுவேன்? இருக்கறதுலயே நல்லதத்தானே காட்டினேன்!"

பாராட்டாகத்தான் சொன்னேன். சத்தியமாக.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"முதல் பிரதி வாங்கினது யாரு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முகம் அப்படியே மாறிவிட்டது.

"நீங்க வாங்கினது ஒரு புத்தகம்க்கா. ஒரு வசனத்த எங்க நிப்பாட்டறதுன்னு நான் படிச்சுக்க பத்து வருசம் போச்சு. அத நான் யாருக்கும் விக்கலையே."

"நான் எங்க எடுத்தேன்? மெஷின்தானே எடுத்துச்சு."

"மெஷின் கையில குடுத்தது யாருக்கா?"

எனக்கும் சூடு ஏறிவிட்டது. அவள் கம்ப்யூட்டரைக் காட்டினேன். "ஏன், நீ பாவிக்கறதில்லையா? மூலையில அதே ஏஐ தானே திறந்து கிடக்கு!"

"பாவிக்கிறேன். கடிதம் அடிக்க, சிங்களத்துக்கு மாத்த, எழுத்துப் பிழை பாக்க. அது வந்து என் வேலைல பாதி போச்சு, அது வேற கதை. ஆனா நான் கதை எழுதறப்போ அதத் தொடறதில்ல. அடுத்த வரி என்னன்னு தெரியாம உட்கார்ந்திருப்பேன் பாருங்க, அந்த நேரத்துக்காகத்தான் நான் எழுதறேனே. அதையும் அதுகிட்ட குடுத்துட்டா நான் எதுக்கு?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "லயம், பெரட்டு எல்லாம் எங்கெங்க தூவியிருக்குன்னு எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா? இந்தியக் கிழங்குல நம்ம ஊரு மண்ணக் கொழைச்சுத் தடவி நுவரெலியாக் கிழங்குன்னு விக்கறாங்க. உங்க ஸ்டோருக்கு அது வந்தா லொறியோட திருப்பி விடுவீங்க. இது மட்டும் எப்படிக்கா உள்ள வந்துச்சு?"

என்னிடம்! மண் தடவின கிழங்கு ஒன்று என் ஸ்டோருக்குள் வந்ததில்லை என்று இந்த மாவட்டத்துக்கே தெரியும். அந்த என்னிடம்!

"வேற ஆளப் பாத்துக்கங்கக்கா" என்றாள். தலைவாசல் வரை வந்து வழியனுப்பினாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 20, வெள்ளி

பாராட்டப் போனவளுக்குத் திட்டு. இனி எவளுக்கும் கவர் கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

நுவரெலியாவில் அச்சுக்கடை வைத்திருக்கும் கிஷாந்தைப் பார்த்தேன். ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன், மெஷின் எழுதியது, சுதர்ஷினி கோபித்தது.

"யாரு எழுதினா என்னக்கா? அட்டைக்கு லேமினேட் போடணுமா, வேணாமா, அதச் சொல்லுங்க. போன மாசம் ரெண்டு கவிதைப் புத்தகம் அடிச்சேன், ரெண்டும் மெஷின்தான். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நீங்க குடுத்தீங்கன்னா வர்ற வெள்ளிக்குள்ள அடிச்சுக் கட்டி அனுப்பிடுவேன்."

அப்பாடா என்று இருந்தது. ஆகஸ்ட் 10 தப்பித்தது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு யோசனை. கிழங்கில் ஒரு குறையும் இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்கிற ஆளிடம் நான் என்ன செய்வேன்? மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவேன்.

இவன் என் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே.

ஜூன் 25, புதன்

கொட்டிப் பார்த்தேன். மீனம்மா முன்னால்.

மீனம்மா என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவள். இப்போது ஸ்டோரில் தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி. ஆள் இருந்தால் என்னை முதலாளியம்மா என்பாள், இல்லையென்றால் அடியே. தேத்தண்ணி நேரம் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் கதையை வாசித்தேன். எங்கள் இரண்டு பேருடைய கதை. மூட்டைக் கதை. பெயரை மட்டும் மாற்றியிருந்தது.

பனி மூடின பாதை. இரண்டு ஏழைப் பெண்கள். வீட்டில் காய்ச்சலில் தாய். மூட்டை கிழிகிறது, கிழங்கு உருண்டு ஓடுகிறது, கூடவே அவர்கள் கனவும். ஒருத்தி மண்டியிட்டு அழுகிறாள். மற்றவள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்.

மீனம்மா மூக்கை உறிஞ்சினாள். "பாவம்டி. எந்தத் தோட்டத்துப் புள்ளைங்க அதுங்க?"

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"நீதான்டி அது."

"நானா?"

"நீயும் நானும். தொண்ணூத்தெட்டு. மூட்டை கிழிஞ்சுதே."

"அடிப்பாவி! நான் எங்க அழுதேன்? மூட்டைய விட்டது நீ!"

"நானா விட்டேன்? பின்னால புடிச்சிருந்தது யாரு?"

"பின்னால புடிச்சவ எப்படிடி விடுவா? முன்னால போனவ குட்டி நாயப் பாத்துக் கத்தி கையெடுத்தா!"

ஸ்டோரே நின்று பார்த்தது. நடந்தது என்ன என்றால், மூட்டை கிழிந்து கிழங்கெல்லாம் உருண்டு எஸ்டேட் துரையின் பங்களாத் தோட்டத்துக்குள் போய்விட்டது. காவல்காரன் கம்பை எடுத்துக்கொண்டு வந்தான். மீனம்மா அவனிடம், "அண்ணே, பங்களாவுக்குத்தான் கொண்டாந்தோம், வாசல் தெரியாம இந்தப் பக்கமா விட்டுட்டோம்" என்றாள். சமையல்கார கோக்கி வெளியே வந்தார். நான் சந்தை விலையை விட இரண்டு மடங்கு சொன்னேன். பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டார்! துரையின் பூச்செடி எல்லாம் நசுங்கிக் கிடந்ததை அவர் பார்ப்பதற்குள் ஓடினோம். வழியெல்லாம் சிரிப்பு. மீனம்மா சிரித்துச் சிரித்துப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் நான் வியாபாரி ஆனேன்.

எங்கே போனது இதெல்லாம்? போனிடம் நான் சொன்னேனே! கோக்கியைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கண்ணீரை வைத்துக் கொடுத்தது, நானும் நாலு பக்கம் என்று துள்ளிக் குதித்தேன்.

என் கதையில் நான் இல்லை. இருக்கிற கொஞ்சமும் சுதர்ஷினி.

ஜூன் 26, வியாழன்

பதினொன்றையும் கழுவிப் பார்த்தேன். லயத்தை எடுத்தேன், பெரட்டை எடுத்தேன், கண்டாக்கையாவை எடுத்தேன். மிச்சம் இருப்பது எந்த ஊரிலும் நடக்கலாம். வழவழ என்று பெரிய பெரிய கிழங்கு. அவள் சொன்னது சரி. எரிச்சலாக இருக்கிறது, ஆனால் சரி.

போனிடம் கேட்டேன்: "ஏன் எல்லாரும் அழறாங்க?"

மலையக மக்களின் துயரமான வரலாற்றை உணர்வுபூர்வமாக வெளிப்படுத்தவாம்.

"நான் சிரிச்சேன்னு சொன்னேனே?"

மன்னிப்புக் கேட்டது. உடனே சிரிப்பு வைத்து ஒரு கதை கொடுத்தது. அதில் நாங்கள் கண்ணீரோடு சிரிக்கிறோம்!

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அதுவும் என்ன செய்யும்? எங்களைப் பற்றி எழுதி வைத்ததை எல்லாம் தின்றுதானே பேசுகிறது. நாங்கள் அழுததைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். துரை பங்களாக் கோக்கியை ஏமாற்றிவிட்டு ஓடினதை எவன் எழுதினான்? அப்படியென்றால் அதை நான் எழுத வேண்டும். நான்!

இவ்வளவு குஷி எனக்கு முதல் கதை வந்த அன்றைக்குக்கூட இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

பாதரிடம் போய், புத்தகம் ஆகஸ்டுக்கு வராது என்றேன்.

"ஏன்மா, அச்சுல பிரச்சினையா?"

"இல்ல பாதர், கதைல. இன்னும் எழுதவே இல்ல."

"அப்போ அன்னைக்கு நான் அறிவிச்சது?"

"அதுவும் கதைதான் பாதர்."

மண்டபத்தை மரியாயின் சேனைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். கோயில் வாசலில் நாலு பேர் என்னைப் பார்த்து வாயைப் பொத்தினார்கள். சின்னத்தம்பி முதலாளி போனில், "என்னப் பத்தி எழுதினதாலயா?" என்று கேட்டார். இல்லவே இல்லை முதலாளி என்று சத்தியம் பண்ணினேன். கிஷாந்துக்கும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

வெட்கமாகத்தான் இருந்தது. பால் போடாத ஒரு பிளேன்டி குடித்ததும் போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மீனம்மா வீட்டுக்கு வந்தாள். நடுவில் போனை வைத்தேன். இந்த முறை அதற்கு ஒரே கட்டளை: காதில் விழுவதை எழுது, ஒரு சொல் கூட்டாதே, அழகு பண்ணாதே.

நான் ஆரம்பிப்பேன், அவள் மறிப்பாள். "அது குட்டி நாய் இல்ல, பெரிய நாய்." "உன் பாவாட பச்ச இல்லடி, அது என்னோடது, நீ இரவல் வாங்கினது." மரியரட்ணம் பக்கத்தில் உட்கார்ந்து நடுவர் மாதிரி, "ஒவ்வொருத்தரா பேசுங்க, போனு பாவம்" என்றார். பாதி நாள் போனது. வந்ததைப் பார்த்தால் ஒரே கூச்சல், பாதி வசனம் அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் நாங்கள்! ஒவ்வொரு வரியிலும் நாங்கள்!

பிறகு நான் தனியாக உட்கார்ந்து அதைப் பேனாவால் ஒழுங்கு பண்ணப் பார்த்தேன். கோக்கி காசைக் கையில் வைத்த இடம் வந்தது. அப்போது என்ன நினைத்தேன்? தெரியவில்லை. எழுதவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. போனைக் கேட்டால் ஒரு நொடியில் பத்து வரி தரும். கேட்கவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது, அப்படியே இருந்தேன். கடைசியில் வந்தது. அந்தக் காசை நான் எண்ணவில்லை. வாழ்க்கையில் நான் எண்ணாமல் வாங்கின ஒரே காசு அது. எண்ணினால் அவர் மனம் மாறிவிடும் என்ற பயம்!

ஒரே ஒரு வரி. அதற்கு இவ்வளவு நேரம். ஆனால் அதை எவனும் எனக்கு எழுதித் தந்திருக்க முடியாது.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு குடைச்சல். பேச்சைக் கேட்டு எழுதுவதும் மெஷின்தானே? அது சரி என்றால் மற்றது ஏன் பிழை? கோடு எங்கே?

தராசுப் பக்கம் நின்று யோசித்தேன். உரம் போட்டுத்தான் கிழங்கு வளர்க்கிறோம். கேட்கிறவனிடம் உரம் போட்டேன் என்று கூசாமல் சொல்வேன். மண் தடவினேன் என்று சொல்வேனா? வாங்குகிறவனிடம் வாய் திறந்து சொல்ல முடியாத வேலை எதுவோ அதைச் செய்யக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் சுதர்ஷினி விஷயம் அதிலும் அடங்காது. அது வாங்குகிறவனிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தாலும் பிழை. அதற்கு அவளைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

லீக்ஸ் மரக்கறி லொறியில் ஏறி ஹட்டன் போனேன். மாடிப்படி ஏறும்போது முந்தானையை இழுத்துச் சரிசெய்தேன், முதல் தரம் பாங்க் மனேஜரைப் பார்க்கப் போனபோது மாதிரி.

போனை அவள் மேசையில் வைத்தேன். "உன் பக்கமெல்லாம் இதுல இருக்கு. நீயே அழி." அழித்தாள். மெஷினோடு பேசின பேச்சையும் திறந்து காட்டினேன், அதையும் அழித்தாள்.

"இங்க அழிச்சதால எல்லாம் அழிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாதுக்கா" என்றாள். "மெஷினுக்குள்ள எங்கெங்க போச்சோ, யாருக்குத் தெரியும்."

எனக்கு அது உறைத்தது. விட்ட கிழங்கைப் பொறுக்கலாம், இதைப் பொறுக்க முடியாது. தப்புத்தான் என்றேன். வியாபாரத்தில் இந்த வார்த்தையை நான் அதிகம் பாவிப்பதில்லை.

பிறகு எனக்குத் தெரிந்த வழியில் கேட்டேன். "சரி, உன் மாதிரி எழுத வைக்கறதுக்கு என்ன விலைன்னு சொல்லு. முறையாக் குடுத்துட்டே வாங்கிக்கிறேன்."

"அது விலைக்கு இல்லக்கா."

"எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கும்."

"இதுக்கு இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அசையவில்லை. இருபத்தேழு வருசத்தில் என்னிடம் விலையே சொல்லாமல் நின்ற முதல் ஆள்.

புதுத் தாள்களைக் கொடுத்தேன். கூச்சலும் பாவாடையும் கோக்கியும். அவள் படிக்கும்போது நான் கீழே போய் வடை வாங்கினேன். திரும்பி வந்தால் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்! காசு எண்ணாத இடத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்த வரியை இரண்டு தரம் படித்தாள், உதடு அசைந்தது.

"இது யாரு எழுதினது?" என்றாள்.

"நான்."

"தெரியுது. எழுத்துப் பிழை இவ்வளவு மெஷின் விடாது."

வடையை இரண்டு பேரும் முடித்தோம். இன்னும் பத்துக் கதை இப்படிக் கொண்டு வாங்க, பிறகு பேசலாம் என்றாள். திரும்பி வருகிற லொறியில் டிரைவரிடம் நானே போய்ப் பேச்சுக் கொடுத்து, தலவாக்கலை வருவதற்குள் இரண்டு கதையைச் சொல்லி முடித்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

கிழங்கு விலை இறங்குகிறது. கதை ஏறுகிறது. நாலாவது முடிந்தது.

ஜூலை 24, வியாழன்

சுதர்ஷினி கந்தப்பளைக்கே வந்தாள். ஸ்டோரில் மூட்டை மேல் உட்கார்ந்து பேசினோம். மீனம்மா சாட்சி, அவள் பேசாமல் இருக்கிற சாட்சி இல்லை.

தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இது: பழைய பதினொன்றும் அச்சுக்குப் போகாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. நான் பேசுவேன், போன் கேட்டு எழுதும், அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. ஒழுங்கு பண்ணுவது என் பேனா. சுதர்ஷினி பிழை திருத்துவாள், வெட்டுகிற இடத்தை என்னிடம் சொல்லிவிட்டு வெட்டுவாள், தன் வரி ஒன்றையும் உள்ளே வைக்கமாட்டாள். போன் செய்தது என்ன, அவள் செய்தது என்ன என்று முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும், சின்ன எழுத்தில் இல்லை. மீனம்மா வருகிற கதையை மீனம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் பக்கம் கட்டுவது. நாய் பெரிய நாய் என்பதையும் இப்போதே போடச் சொன்னாள் மீனம்மா, போட்டோம்.

திருத்திப் பக்கம் கட்டச் சுதர்ஷினி பக்கத்துக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டாள். நான் முந்நூறு என்றேன். நானூறுக்கு முடிந்தது. பாதி முன்பணம், மீதி அச்சுக்குப் போகிற அன்று.